அம்மாவின் வலம்புரிச் சங்கு

இந்த முறை ஒரு நத்தையின் கதை. "நத்தையா?" என்று ஓடிவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சாமித்தட்டிலும் இந்த நத்தையின் வீடு ஒன்று இருக்கக்கூடும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராவில் அம்மா வீட்டில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். அக்காவின் மகளுக்கு வயது பத்து. சாமித்தட்டில் பட்டுத் துணி விரித்து வைத்திருந்த வலம்புரிச் சங்கை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, இது முஷல் தானே? இதுக்குள்ள இருந்தவர் எங்க போட்டார்?"

முஷல் என்றால் மட்டி. சங்கு மட்டி அல்ல. "ஷ்நெக்கே" என்று திருத்தினேன். அவள் நம்பவில்லை. மழைக்குப் பிறகு ஆரே ஆற்றங்கரையில் ஊரும் அந்தச் சின்னப் பிராணியும் அம்மம்மா பூப்போட்டுக் கும்பிடும் இந்தப் பொருளும் ஒரே குடும்பமா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவளுக்குக் காட்டுவதற்காகச் சங்கைக் கையில் எடுத்து, கைபேசி வெளிச்சத்தை அதன் வாய்க்குள் அடித்தேன்.

அங்கே இருக்கவேண்டிய ஒன்று இருக்கவில்லை. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சங்கின் வரலாறு உங்களுக்குத் தெரியவேண்டும்.

உள்ளே இருந்தவர் யார்?

நாங்கள் சங்கு என்று சொல்வதன் அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். கடலடி மணலில் வாழும் ஒரு பெரிய நத்தை. பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அது ஒரு வேட்டைக்காரன். மணலுக்குள் ஒளிந்து வாழும் கடற்புழுக்கள்தான் அதன் உணவு. தும்பிக்கை போன்ற ஒரு குழாயை நீட்டி, புழுவை அதன் வளையிலேயே பிடித்துத் தின்னும். புழு நிறைந்த மணல் எங்கே உண்டோ அங்கேதான் சங்கும் உண்டு. மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை, யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடல் எல்லாம் அதற்குச் சோற்றுப்பானை மாதிரி.

உயிரோடு இருக்கும் சங்கு வெள்ளையாக இருக்காது. தடித்த பழுப்புத் தோல் ஒன்று ஓட்டை மூடியிருக்கும். அதை உரித்து, தேய்த்து, மினுக்கிய பிறகுதான் நாங்கள் காணும் பால் வெள்ளை வரும்.

இன்னொரு விஷயம் முக்கியம். பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் முதலில் தண்ணீரில் மிதந்து, நீரோட்டத்தோடு தூரதேசம் போய்விடும். சங்கு அப்படிச் செய்வதில்லை. ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுகிய ஒரு கூட்டில் தாய் முட்டையிடும். அந்தக் கூட்டுக்குள் பல அறைகள். அவற்றுக்குள்ளேயே வளர்ந்து, சின்னச் சங்காக உருவான பிறகுதான் குஞ்சு வெளியே வந்து மணலில் ஊரத் தொடங்கும். மிதந்து போகும் பருவமே அதற்கு இல்லை. அதனால்தான் இந்தச் சங்கு இந்திய, இலங்கைக் கரைகளை விட்டு அதிக தூரம் பரவவில்லை. அமெரிக்கக் கரையில் அது கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஐயாயிரம் வருடத்துத் தொழில்

சங்கை மனிதர் முதலில் தேடியது ஊதுவதற்கு மட்டும் அல்ல, அணிவதற்கும்தான். குஜராத்தின் கட்ச் வளைகுடாக் கரையில் நாகேஷ்வர் என்று ஓர் இடம். சிந்துவெளி மக்கள் சுமார் 4,500 வருடங்களுக்கு முன் அங்கே சங்குப் பட்டறை வைத்திருந்தார்கள். வெண்கல வாளால் சங்கைக் குறுக்காக அறுத்து, வட்டம் வட்டமாக வளையல் எடுத்தார்கள். சங்கு ஓடு கல்லைப்போல் கடினம், அறுப்பது இலேசு இல்லை. அறுத்து வீசிய மிச்சத் துண்டுகள்தான் இன்று தொல்லியலாளருக்குச் சாட்சி.

தமிழ்நாட்டிலும் அதே சாட்சி இருக்கிறது. கீழடி அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சின்னக் கிராமம். அங்கே அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு பதிவு செய்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற ஆங்கிலேயர். இலங்கையில் முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கு வந்து, பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையில் வேலை பார்த்தவர். 1914இல் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார். சங்க இலக்கியமும் சங்கறுப்பவரைப் பேசுகிறது. அகநானூற்றில், வேள்வி செய்யாமல் சங்கு வளையல் அறுத்துப் பிழைத்த பார்ப்பனர் வருகிறார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எங்கள் கடலைப் பற்றி எழுதினார். இலங்கைக்கு எதிர்க்கரையில் மறல்லோ என்ற துறையிலிருந்து சங்கு ஏற்றுமதி ஆகிறது என்று குறித்திருக்கிறார். முத்துக்கு மட்டும்தான் இந்தக் கடல் பேர்போனது என்று நினைக்கிறோம். முத்து சில வருடம் விளையும், பல வருடம் விளையாது. சங்கு அப்படி ஏமாற்றுவது குறைவு.

சங்கு எங்கே போனது? பெரும்பாலும் வங்காளத்துக்கு. அங்கே இந்துப் பெண்கள் கல்யாணமானால் இரண்டு கையிலும் வெள்ளைச் சங்கு வளையல் போடுவார்கள். நம்மவருக்குத் தாலி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அந்த வளையலை அறுப்பவர்கள் சாங்காரிகள். பழைய டாக்காவில் அவர்களுக்கென்றே சாங்காரி பஜார் என்ற ஒடுங்கிய தெரு உண்டு. ஊர்காவற்றுறையிலோ தூத்துக்குடியிலோ கடலுக்குள் இறங்கிய ஒருவர் எடுத்த சங்கு, முன்பின் தெரியாத ஒரு வங்காளத்துப் பெண்ணின் கையில் கல்யாண வளையலானது. இது பல நூறு வருடம் நடந்தது.

1971 மார்ச்சில் பாகிஸ்தான் இராணுவம் அந்தத் தெருவைத் தாக்கியது. பலர் கொல்லப்பட்டார்கள், பலர் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடினார்கள். அந்தத் தெரு இன்றும் இருக்கிறது, வளையலும் விற்கிறது. இதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. உங்களில் பலருக்கும் வரும்.

சங்கும் சுவிஸ் சிப்பாய்களும்

சங்கு பணமானால் அதற்கு எசமானும் வருவான். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் இரண்டையும் பறித்தார்கள். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி சங்கு வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. குளிப்பவர் நம்மவர், வாங்குபவர் வங்காளத்தவர், நடுவில் நின்று லாபம் எடுத்தது கம்பனி. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கொடி மாறியது, கணக்கு மாறவில்லை.

இங்கேதான் சுவிஸ் வருகிறது. 1781இல் நொஷாத்தெலைச் சேர்ந்த ஷார்ல் தனியேல் தெ மெரோன் என்பவர் கூலிக்குச் சண்டை பிடிக்கும் ஒரு படைப்பிரிவை உருவாக்கி அதே ஒல்லாந்தக் கம்பனிக்குக் கொடுத்தார். அந்தப் படை இலங்கையில் காவல் நின்றது. 1795இல் ஒப்பந்தத்தை மாற்றி ஆங்கிலேயர் பக்கம் போனது. இலங்கை ஆங்கிலேயர் கைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதே வருடம் தெ மெரோன் தன்னிடம் இருந்த இயற்கைப் பொருட்களின் சேகரிப்பை நொஷாத்தெல் நகரத்துக்குக் கொடுத்தார். அந்த நகரத்து அருங்காட்சியகங்கள் அதிலிருந்துதான் தொடங்கின.

நாங்கள் 1983க்குப் பிறகுதான் சுவிஸுக்கு வந்தோம் என்று பள்ளியில் சொல்கிறோம், அது சரிதான். ஆனால் அதற்கு இருநூறு வருடம் முன்பே சுவிஸ்காரர் துவக்கோடு எங்கள் தீவுக்கு வந்துவிட்டார்கள். "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் சங்கு

அப்பா தீவுப்பகுதியைச் சேர்ந்தவர். சின்ன வயதில் கடல்நீரேரிச் சேற்றில் பழைய சங்கு தோண்டியதைப் பற்றி அடிக்கடி கதைப்பார். நெடுங்காலம் முன்பு செத்த சங்குகள் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்து, இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்க்கவேண்டும். கம்பி "டொக்" என்றால் சங்கு, வேறு சத்தம் என்றால் கல். "காதால தான் சங்கு எடுக்கிறது, கண்ணால இல்லை" என்பார்.

ஆழக்கடல் சங்கு எடுப்பவர்கள் வேறு. பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்குச் சுழியோடிகள் இறங்கவேண்டும். முன்பு கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்கினார்கள். இப்போது வடக்கில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அது இன்னும் ஆபத்து. ஆழத்தில் அதிக நேரம் நின்றால் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரையும். அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல அது குமிழியாக வெளிவரும். மூட்டு வலிக்கும், கைகால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். சரியான பயிற்சி இல்லாமல், ஒரே நாளில் பல தடவை இறங்கி ஏறும் சங்குச் சுழியோடிகளுக்கு இது நடக்கிறது. போர்க்காலத்தில் கடலுக்கே போகக்கூடாது என்று தடை. இப்போது போகலாம், ஆனால் உடம்போடு திரும்பி வருவது நிச்சயம் இல்லை. பளபளவென்று விற்கும் சங்கைக் காணும்போது அதை எடுத்த அந்த ஆளையும் நினையுங்கள்.

சங்குக்கும் பாதுகாப்பு வேண்டும். ஹோர்னெல் காலத்திலேயே தூத்துக்குடியில் அளவு பார்க்கும் வழக்கம் இருந்தது. விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்கு, அதாவது 57 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சங்கைத் திரும்பக் கடலில் போடவேண்டும். குஞ்சுகள் மிதந்து போகாத பிராணி என்று சொன்னேன் அல்லவா? ஓர் இடத்தில் முழுக்க அள்ளிவிட்டால் வேறு இடத்திலிருந்து குஞ்சு மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது.

அப்பா 1988இல் இங்கே வந்தபோது, அவர் பையில் ஒரு சோடி உடுப்பும், சேற்றில் எடுத்த ஒரு சங்கும் இருந்தன. சாதாரண இடம்புரி. விளிம்பு உடைந்தது, நிறமும் மங்கல். அதை அம்மா ஒருநாளும் சாமித்தட்டில் வைக்கவில்லை. பல்கனியில் செவ்வந்திச் சாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. காற்றடிக்கும்போது கதவு அடிபடாமல் முட்டுக்கொடுக்க உதவியது.

வலது எது, இடது எது?

சங்கின் சுருள் நுனியைக் கீழே பிடித்து, வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் இடது பக்கம் இருந்தால் இடம்புரி, வலது பக்கம் இருந்தால் வலம்புரி. விஞ்ஞானிகள் நுனியை மேலே பிடிப்பார்கள். அதனால் நாங்கள் வலம்புரி என்பதை அவர்கள் இடது சுருள் என்பார்கள். பொறியியல் படித்த எனக்கே இதை விளங்க ஒரு தாளும் பென்சிலும் தேவைப்பட்டது. நீங்களும் வரைந்து பாருங்கள்.

எங்கள் கடல் சங்கில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி மிக மிக அபூர்வமாகப் பிறக்கும் ஒரு பிழைப் பிறப்பு. அபூர்வம் என்பதால் தெய்வீகம், தெய்வீகம் என்பதால் விலை. விலை வந்தால் ஏமாற்று வராமல் போகுமா?

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் மின்னல் சங்கு என்று சொல்லக்கூடிய இன்னொரு பெரிய நத்தை இருக்கிறது. அதுவும் வேட்டைக்காரன்தான், மட்டிகளைத் தின்னும். அதன் இனம் முழுவதுமே இயற்கையாக வலம்புரி. அங்கே அது அபூர்வம் இல்லை. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சிப்பியாகவே அறிவித்தது. அதன் பழுப்புக் கோடுகளைத் தேய்த்து வெள்ளையாக்கி வலம்புரிச் சங்கு என்று விற்பது பெரிய வியாபாரம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. எங்கள் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில், மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக இருக்கும். மின்னல் சங்கின் தண்டில் அந்த வரிகள் இல்லை, வழுவழுவென்று இருக்கும். சந்தேகம் என்றால் ஊடுகதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். எடையும் சொல்லும், எங்கள் சங்கு தடிப்பு, அது மெல்லிசு.

அம்மாவின் சங்குக்குள் வெளிச்சம் அடித்தபோது நான் தேடியது அந்த மடிப்புகளைத்தான். ஒன்றும் இல்லை. கண்ணாடி போல வழுவழுப்பு.

சொல்வதா, விடுவதா?

அப்பா காலமாகி மூன்று வருடம். தகன மண்டபத்தில் ஒரு நிமிடம் சங்கு ஊத அனுமதி வாங்கியிருந்தோம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அம்மா யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு வியாபாரி, வீட்டில் கஷ்டம் நீங்கும் என்று சொல்லி, 900 ஃபிராங்குக்கு அந்த வலம்புரியை விற்றிருக்கிறார். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து சேர்த்த காசு. எங்களுக்கு அம்மா வாங்கிய பிறகுதான் தெரியும்.

இரண்டு கிழமை நான் வாய் திறக்கவில்லை. "சங்கில வார்த்தால் தான் தீர்த்தம்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அம்மாவுக்கு அது தீர்த்தமாக இருக்கிறது, நான் ஏன் கெடுப்பான்? ஆனால் அதே வியாபாரி அம்மாவின் சிநேகிதிகளிடமும் போகிறார் என்று அக்கா சொன்னாள். என் வேலையே அடுத்தவர் கணினியில் பிழை தேடிச் சொல்வது. சொந்த வீட்டில் கண்ட பிழையை மறைத்தால் அது சரியா?

கடைசியில் சொன்னேன். மடிப்பு, டெக்சாஸ், எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிறுத்துப் போனது.

"அப்ப இது எங்கட கடலில பிறக்கேல்லையோ?"

"இல்லை அம்மா."

"அங்கயும் ஆரும் இதைக் கும்பிடுறவையோ?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் இருந்தது. ஆயிரம் வருடம் முன்பு மிசிசிப்பி ஆற்றங்கரையில் கஹோக்கியா என்று ஒரு பெரிய நகரம் இருந்தது. அங்கிருந்த பூர்வகுடி மக்கள் கடலிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்தும் இந்த மின்னல் சங்கைத் தருவித்து, சடங்குக் கோப்பைகளும் மார்பில் அணியும் தகடுகளும் செய்தார்கள். அவர்களுக்கும் அது புனிதப் பொருள்தான். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, "தம்பி, பல்கனியில அப்பாவின்ர சங்கு கிடக்கு. எடுத்துக்கொண்டு வா" என்றார்.

நான் எடுத்து வந்தேன். அதைக் குழாயடியில் பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவினார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். "உள்ளுக்கு வரி இருக்கு" என்றார். நானும் பார்த்தேன். மூன்று மடிப்பு, தெளிவாக.

இப்போது சாமித்தட்டில் இரண்டும் இருக்கின்றன. அமெரிக்கச் சங்கை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். "அதுவும் சொந்த இடம் விட்டு வந்தது தானே, கிடக்கட்டும்" என்றுவிட்டார். காசு மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த வியாபாரியை எடுத்துப் பேசினார், காசு திரும்பவில்லை. ஆனால் சிநேகிதிகள் மூன்று பேரைக் கூப்பிட்டு, சங்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் வாங்கவிருந்ததை நிறுத்திவிட்டார்.

மருமகளுக்கு என் கடன் இன்னும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளை ஆராவிலுள்ள நதுராமா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சுமார் 20 மில்லியன் வருடங்களுக்கு முன் இந்த நடுச் சுவிஸ் முழுவதும் ஆழம் குறைந்த கடல். மேகென்வில் பக்கம் வெட்டி எடுக்கும் மட்டிக்கல் அந்தக் கடலின் மிச்சம்தான். ஆர்காவில் பழைய தண்ணீர்த் தொட்டிகள் பலவும் அந்தக் கல்லில் செய்தவை. கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லுக்குள் ஓடுகள் தெரியும்.

"அப்ப ஆராவிலயும் கடல் இருந்ததா?" என்றாள்.

"இருந்தது."

"அப்ப சங்கும் இருந்திருக்கும்!"

எங்கள் சங்கு இல்லை என்று தொடங்கினேன். அவள் அதற்குள் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு ஓடிவிட்டாள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் சங்கு இருந்தால் எடுத்து, வாய்க்குள் வெளிச்சம் அடித்து, மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று அப்பா அம்மாவிடமோ அப்பப்பா அம்மம்மாவிடமோ கேளுங்கள். எனக்கு அப்பாவிடம் கேட்க இன்னும் நிறைய இருந்தது. நீங்கள் இப்போதே கேட்டுவிடுங்கள்.